அடிக்குரல்

நர்ஸ் நேசபாய் மருந்துத் தட்டோடு ஓடி வந்தாள்.

"நோவு கூடிட்டா அண்ணாச்சி?"

ஜான்ரோஸ் சிரித்தான். "நோவில்ல தங்கச்சி. பாடிப் பாக்கேன்."

நெய்யூர் ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு. ஐம்பத்துமூன்றாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கடியப்பட்டணத்து மீனவன் ஜான்ரோஸ் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரே எழுத்தை மூச்சு தீரும்வரை இழுத்துக்கொண்டிருந்தான். கரகரத்த, கனத்த குரல். கேட்பவருக்கு முனகல் மாதிரித்தான் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்த பனையேறி சுயம்புவுக்குப் பொறுக்கவில்லை. "இது என்ன பாட்டுவே? அர்த்தம் என்ன?"

"மாதாவுக்கு உள்ள லத்தீன் பாட்டு. அர்த்தம் சாமியாருக்குத் தெரியும். எனக்கு எம் பங்கு தெரியும்."

ஐந்நூறு வருடத்துப் பாட்டு என்று சாமியார் சொல்லியிருந்தார். நான்கு ஆள், நான்கு குரல். மூன்று குரல்கள் மேலே ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். நாலாவது, அடியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். பதினாறு வருடமாகத் திருநாள் பூசையில் அப்படி நின்றவன் ஜான்ரோஸ்.

அதைத் தனியாகப் பாடினால் பாட்டே இல்லை.

ஐந்து மணிக்கு மற்ற மூன்று பேரும் வந்துவிட்டார்கள். கரையேறிய கையோடு, மீன்வாடை மாறாத வேட்டியோடு, நடந்தே வந்திருந்தார்கள்.

"தொடங்குலே மக்கா," என்றான் மூத்தவன் ராஜமணி.

ஜான்ரோஸ் தொடங்கினான். அதன்மேல் ஒரு குரல் ஏறியது. பிறகு இன்னொன்று. மூன்றாவதும் சேர்ந்தபோது வார்டில் இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமலை அடக்கினார்கள்.

நேசபாய் புராட்டஸ்டண்ட் சபையில் வளர்ந்தவள். லத்தீன் அவள் காதில் விழுந்ததே இல்லை. தட்டை இறக்கி வைக்கத் தோன்றாமல் நின்றாள்.

சுயம்பு தலைமாட்டில் கிடந்த துண்டை எடுத்துத் தலைப்பாகை கட்டிக்கொண்டான். அய்யாவழிக்காரர்கள் கும்பிடும்போது கட்டுவது அது.

ஓரிடத்தில் ஜான்ரோஸின் குரல் உடைந்தது. மூன்று பேரும் நிறுத்திக் காத்திருந்தார்கள். அவன் எச்சில் விழுங்கி, மறுபடி பிடித்தான். கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தான்.

அன்று அவன் யாருக்கும் நன்றி சொல்லாமல் விடவில்லை. நடந்து வந்ததற்கு மூவருக்கும், ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி. பாட விட்டதற்கு நேசபாய்க்கு. முனகலைப் பொறுத்துக்கொண்டதற்குச் சுயம்புவுக்கு. வெந்நீர் கொண்டுவந்த ஆயாவுக்குக்கூட.

அவர்கள் போன பிறகு மனைவி செசிலி கஞ்சியோடு வந்தாள்.

"செசிலி."

"என்னா?"

"ஒண்ணுமில்ல."

கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தவளை மறுபடி கூப்பிட்டான். மறுபடியும்.

"எதுக்கு சும்மா சும்மா விளிக்கீரு?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

தொண்டையில் இருந்த கட்டியோடு குரல்வளையையும் எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாளைக் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன்.

செசிலி கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.

"இன்னொருக்க விளியும்," என்றாள்.