சின்னக்கண்ணுவின் ரைபிள்

"உங்கப்பா ரைபிளைத் தோள்ல வெச்சாருன்னா, சித்தேரி மலையில இருக்கற மிருகமெல்லாம் தானா வந்து வரிசையில நிக்கும்," என்றார் நூர் பாஷா.

சின்னக்கண்ணுவின் காரியம் முடிந்து மூன்றாம் நாள். அரூருக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டின் கூடத்தில், அவருடைய மகன்கள் ஜெயபாலும் சங்கரும் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பஞ்சாயத்துக்கு அப்பாவின் நண்பர்கள் நூர் பாஷாவும் முனிராஜும். தகராறு நிலத்துக்கு இல்லை. அதை அண்ணனும் தம்பியும் அரை மணி நேரத்தில் சிரித்துப் பேசியே பிரித்துக்கொண்டார்கள். தகராறெல்லாம் அலமாரியில் இருந்த பழைய வேட்டை ரைபிளுக்குத்தான்.

ஜெயபாலுக்கு அந்த ரைபிள் மேல் இருந்தது ஆசை இல்லை, பக்தி. மற்ற பிள்ளைகள் காக்கா நரி கதை கேட்டு வளர்ந்தபோது அவன் சிறுத்தைக் கதை கேட்டு வளர்ந்தான். எழுபத்தொன்றாம் வருஷம் ஆட்டுப்பட்டிக்கு வந்த சிறுத்தையை, அப்பா நேருக்கு நேர் நின்று ஒரே தோட்டாவில் சாய்த்த கதை. அப்பா சொன்னால் சிறுத்தை ஆறடி. நூர் பாஷா சொன்னால் எட்டடி. முனிராஜ் கண்டக்டராக இருந்தவர், தாராள மனசு. பத்தடிக்குக் குறைந்து டிக்கெட் கிழித்ததே இல்லை. இரண்டு பேருமே பக்கத்தில் நின்று பார்த்தவர்களாம்.

அப்பாவின் குறியை மெச்சி ஒரு வெள்ளைக்கார துரை கப்பல் ஏறும்போது கொடுத்துவிட்டுப் போன ரைபிள் அது என்பதும் கதையில் உண்டு. வெள்ளைக்காரன் கப்பல் ஏறியபோது அப்பாவுக்கு மூன்று வயசு என்பதை யாரும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

இப்போது ஜெயபாலுக்கு ஐம்பத்திரண்டு. பைப் கடையில் உட்கார்ந்து அவன் செல்போனில் பார்ப்பதெல்லாம் பழைய இங்கிலீஷ் துப்பாக்கி வீடியோதான். கட்டையின் வழவழப்பைப் பற்றி மனைவி தேன்மொழியிடம் உருகுவான். அந்தக் கட்டையாலேயே ஒன்று போடலாமா என்பதுபோல் அவள் பார்ப்பாள். சங்கரும் லேசுப்பட்டவன் இல்லை. அப்பாவின் கண்ணீர் அஞ்சலி பேனரில் அப்பா முகத்தைவிட ரைபிளைத்தான் பெரிதாக அடித்திருந்தான்.

"அப்பா எனக்குத்தான்னு சொன்னாரு," என்றான் சங்கர்.

"எப்ப சொன்னாரு?"

"ஆஸ்பத்திரியில. கடைசி நாள்."

"அன்னைக்கு அவரு வாயில ட்யூப் இருந்திச்சுடா."

"கண்ணால சொன்னாரு."

முனிராஜ் தொண்டையைச் செருமினார். "ஆறு மாசம் மூத்தவன் வூட்ல, ஆறு மாசம் சின்னவன் வூட்ல வெச்சுக்குங்க."

"ரைபிள் என்ன பெத்த தாயா மாமா, மாத்தி மாத்தி வெச்சுக்க?" என்றான் ஜெயபால். "அம்மாவுக்குத்தான் அப்படிப் பேசி வெச்சிருக்கோம்."

அப்போதுதான் அம்மா செல்லம்மாள் டீ தட்டோடு வந்தாள். நாலு பேருக்கும் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. எண்ணெய் போட்டுத் துடைப்பது, லைசென்ஸ் புதுப்பிக்க அலைவது, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கி வருவது, இதெல்லாம்தான் அந்த ரைபிள் விஷயத்தில் அம்மாவின் வேலை. அப்பா வேட்டைக்காரர். இந்த மாதிரிச் சில்லறை வேலைக்கெல்லாம் அவருக்கு ஏது நேரம்?

கடைசியில் மூத்தவன் பேருக்கு எழுதிக் கேட்பது என்று முடிவானது. சங்கர் டீயைக் குடிக்காமல் எழுந்து போனான்.

"அம்மா, நாளைக்கு லைசென்ஸ் புக்கை எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீசுக்கு வா," என்றான் ஜெயபால். "நீ ஒண்ணும் பேச வேணாம். காட்டற எடத்துல கையெழுத்துப் போட்டாப் போதும்."

"சரிப்பா," என்றாள் செல்லம்மாள்.

மறுநாள் ஆபீசில், எழுத்தர் அம்பிகா மனுவை வாங்கிப் படித்தாள்.

"வாரிசு பேருக்கு மாத்தணுமா? எறந்தது யாருங்க?"

"எங்கப்பா சின்னக்கண்ணு. சிறுத்தையைச் சுட்டவரு," என்றான் ஜெயபால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

செல்லம்மாள் மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த புத்தகத்தை அம்பிகா முன்னும் பின்னும் புரட்டினாள். பிறகு பீரோவிலிருந்து ஒரு பழைய பதிவேட்டை எடுத்து, அதிலும் விரலை வைத்துத் தேடினாள்.

"சின்னக்கண்ணுன்னு பேரே இல்லைங்களே."

"நல்லாப் பாருங்க மேடம். சுத்துப்பட்டு ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சிருக்கலாங்க, புக்குக்குத் தெரியலையே. மொதல்ல குள்ளன்னு ஒருத்தர் பேர்ல இருந்திருக்கு. அறுபத்தொம்பதுல அவரு மக செல்லம்மாள் பேருக்கு மாறியிருக்கு. அன்னையில இருந்து தோட்டா வாங்கினது, புதுப்பிச்சது எல்லாம் அவங்க கையெழுத்துதான். அவங்களே முன்னாடி நிக்கறாங்க, வாரிசு மனு எதுக்குங்க?"

ஜெயபால் மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

"அப்ப அந்தச் சிறுத்தை... நூர் பாஷா மாமாவும் முனிராஜ் மாமாவும் அங்கதான் இருந்தோம்னு சொன்னாங்களேம்மா."

செல்லம்மாள் புத்தகத்தை வாங்கிப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள்.

"பொய் சொல்லல கண்ணு. உங்கப்பாவோட சேர்த்து மூணு பேரும் அங்கதான் இருந்தாங்க, புளியமரத்து உச்சியில. இருட்டறதுக்குள்ள அவங்கள எறக்கணுமேன்னுதான் நான் அதைச் சுட்டேன்."