கஸ்தூரி மஞ்சளின் நிறம்

குத்துக்கல்வலசையில், சமீனாவின் அரவை அறையில், அப்போது மூன்று பேர் இருந்தார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் சமீனா. எதிரே, மின்விசிறிக்கு நேர் கீழே, சென்னை அழகுசாதனக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி கோமதிசங்கர். வாசலை ஒட்டிக் கிழங்குச் சாக்கின்மேல் இலத்தூர் விவசாயி இசக்கிப்பாண்டி.

மேசையில் இரண்டு கிண்ணம் முகப்பூச்சுப் பொடி. ஒன்று பளிச்சென்ற மஞ்சள். இரண்டு வருடமாக அவள் அனுப்பி வந்தது. மற்றது வெளிறிய சந்தன நிறம்; இசக்கிப்பாண்டியின் கிழங்கை அரைத்து இந்த மாதம் அனுப்பி, திரும்பி வந்தது.

"கஸ்தூரி மஞ்சள்னு சொல்லிட்டு இதென்ன மேடம், சுக்குப்பொடி மாதிரி இருக்கு?" என்றார் கோமதிசங்கர்.

"எங்க அத்தான் பேரு வெள்ளைச்சாமி, சார். அவியளப் பாத்தா பேரையே மாத்தச் சொல்லுவிய போலுக்கே!" என்றான் இசக்கிப்பாண்டி.

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிடியை மட்டும் விடவில்லை. தவறு நடந்துவிட்டது என்று எம்.டி. பேருக்கு ஒரு கடிதம் வேண்டும். தந்தால் வருட ஒப்பந்தம் நிற்கும். இல்லையென்றால் இன்றோடு சரி.

அரவையில் இருக்கும் ஆறு பெண்களின் வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஒப்பந்தத்தில்தான்.

"தப்பு நடந்திருக்கு சார். எழுதியே தாரேன்."

இசக்கிப்பாண்டி சாக்கைவிட்டு எழுந்துவிட்டான். "என்னம்மா சொல்லுதிய? எங்கிழங்கா தப்பு?"

"உக்காருங்க அண்ணாச்சி."

அதிகாரி நிம்மதியாக டீயைக் கையில் எடுத்தார்.

பள்ளிக்கூடத்தில் பழகியபடியே எழுதினாள். அனுப்புநர். பெறுநர். பொருள். பிறகு ஒரு பத்தி. கை எங்கும் தயங்கவில்லை.

'தவறு நடந்தது உண்மை. இரண்டு வருடமாகத் தங்களுக்கு அனுப்பியது கஸ்தூரி மஞ்சள் அல்ல. சந்தையில் அந்தப் பேரிலேயே விற்கும் மஞ்சக்கூவை என்ற வேறு கிழங்கு. எனக்கே போன மாதம்தான் தெரிந்தது. தாங்கள் திருப்பி அனுப்பியதே அசல். இனி அதை மட்டுமே தருவேன்.'

கையெழுத்துப் போட்டாள். மடித்து உறையில் இட்டு, பசை தடவி, ஓரத்தை நகத்தால் ஒருமுறை அழுத்திவிட்டாள்.

கோமதிசங்கர் அதைப் பத்திரமாகச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"இதை முதல்லயே செஞ்சிருக்கலாம் மேடம்," என்றபடி காரில் ஏறினார்.