இளைத்துப்போன மஞ்சள் நூல்

பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஸ்வெட்டர் பின்ன ரெஜினா மஞ்சள் கம்பளி நூல் வாங்கினாள். முதுகுப் பக்கம் முடிந்த அன்று புத்தகத்தில் வேறொரு டிசைன் அவள் கண்ணில் பட்டது. பின்னியதை எல்லாம் பிரித்துவிட்டாள்.

"கவலைப்படாதே. உன்னை இன்னும் அழகாக்கத்தான் பிரிக்கிறாங்க" என்றது பின்னல் ஊசி.

நூல் நம்பியது. இலை டிசைன் பாதியில் பிரிந்தது. வாத்து டிசைன் கழுத்துவரை வந்து பிரிந்தது. பிரிக்கப் பிரிக்க நூல் இளைத்து, நார் நாராகக் கிளம்பியது. அதற்குள் பிள்ளையும் பிறந்துவிட்டது.

"அண்ணே, எனக்கு டிசைனே வேண்டாம். ஒரு குல்லாவாகவாவது முடிச்சுவிடச் சொல்லுங்க. பிள்ளை குளிரில் அழுவுது" என்று நூல் கெஞ்சியது.

"நான் சொல்லியா கேக்கப்போறாங்க?" என்றது ஊசி.

மறுநாள் ரெஜினா கடையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்து பிள்ளைக்குப் போட்டாள். கூடவே நீல நூல்கண்டு ஒன்றும் வாங்கியிருந்தாள். மஞ்சள் நூலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மட்டமான நூலுங்க. இதை வச்சு யாரால என்ன பின்ன முடியும்?" என்று கணவனிடம் சொல்லிவிட்டு, அதைக் குப்பையில் போட்டாள்.

நீல நூலின் முதல் கண்ணி ஊசியின்மேல் ஏறிக்கொண்டிருந்தது.