முக்காலி

"இறக்குங்க," என்றாள் பெத்தனி.

கிளைவ் படகில் கயிறு சுற்றும் வின்ச்சின் பிடியைத் தளர்த்தினார். நடுவில் காமிராவைச் சுமந்த இரும்பு முக்காலி கடலுக்குள் போனது.

டாஸ்மேனியாவின் இந்தக் கரையில் நாற்பது பாக ஆழத்துக்குக் கீழே வெளிச்சம் அவ்வளவாக எட்டாது. அங்கே பாறைகளின் மேல் கடற்பஞ்சுகள் வளர்கின்றன. ஒரு சாண் வளர ஒரு மனித ஆயுசு வேண்டும். அவை நலமாக இருக்கின்றனவா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து பெத்தனி ஆண்டுக்கு ஒருமுறை வருவாள். எப்போதும் கிளைவின் படகுதான்.

போன வருடப் படத்தோடு இந்த வருடப் படத்தை ஒப்பிட வேண்டுமென்றால் முக்காலி அதே இடத்தில் உட்கார வேண்டும். ஒரு முழம் தள்ளிப் போனாலும் பெத்தனி விடமாட்டாள். தூக்கு, இறக்கு. மறுபடி தூக்கு, மறுபடி இறக்கு.

"டாக்டரம்மா, என் பொண்டாட்டிகூட சோபாவ இத்தன தடவ நகர்த்தச் சொன்னதில்ல," என்பார் கிளைவ்.

படங்கள் வருடா வருடம் மோசமாகின. பஞ்சுகள் ஒடிந்து, நசுங்கி, கடைசியில் வெறும் பாறை தெரிந்தது. கனமான ஏதோ ஒன்று மேலே வந்து விழுகிறது என்றாள் பெத்தனி.

அந்த இடம் மீன்பிடிக்கத் தடை செய்த பகுதி. அதன் எல்லையை ஒட்டிச் சிங்கி இறால் பிடிக்க இரும்புக் கூடு போடுகிறவன் எங்கள் ஊரில் ஒருவன்தான். கிளைவின் மகன் ஜாரட்.

தடைக்குள் தான் ஒரு கூடுகூடப் போட்டதில்லை என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னான் அவன்.

"படம் பொய் சொல்லுமாடா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவர் அவன் அப்பாதான்.

பெற்றவரே சொன்ன பிறகு யார் அவனை நம்புவார்கள்? மீன்பிடி உரிமம் போனது. மதுக்கடையில் ஜாரட் வந்து உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாயின. நரம்பில்லாத நாக்கு ஊருக்கு, என்னென்னவோ பேசியது.

இந்த வருடம் முதல்முறையாக இன்னொரு காமிராவும் கீழே போயிருந்தது. முக்காலியைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கிற, சின்னதாய் நீந்தும் இயந்திரம்.

பெத்தனி திரையைப் பார்த்தாள்.

சுற்றிலும் தோட்டம். மஞ்சளும் ஆரஞ்சும் ஊதாவுமாக, ஒரு கிளைகூட ஒடியாத கடற்பஞ்சுகள். நடுவில் ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்கு மட்டும் மொட்டைப் பாறை.

அந்த மொட்டையில்தான் முக்காலி இறங்கியது. ஓரத்தில் தப்பிப் பிழைத்திருந்த ஒரு பஞ்சின் மேல் அதன் கால் உட்கார்ந்தது. பஞ்சு முறிந்து சாய்ந்தது.

அவள் சட்டென்று கையால் திரையை மறைத்தாள். பிறகு தன்னை நினைத்தே கூசி, கையை எடுத்தாள்.

வின்ச்சைப் பூட்டிவிட்டு வந்த கிளைவ் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தார்.

"நாமதான், கிளைவ். இத்தன வருஷமும் நாமதான்." பெத்தனி அவர் பக்கம் திரும்பினாள். "ஜாரட்டக் கூப்பிடுங்க. இப்பவே. நானே அவன்கிட்ட சொல்றேன். எங்க வேணாலும் வந்து சொல்றேன். உரிமத்தத் திருப்பி வாங்கித் தர்றேன்."

கிளைவ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உனக்கு யாரும் சொல்லலியா?" என்றார். "ஆகஸ்ட்ல அவன அடக்கம் பண்ணிட்டோம்மா."

பிறகு வின்ச்சுக்குப் போய்ப் பிடியில் கையை வைத்து, தூக்கட்டுமா என்று கேட்டார்.