மிச்சம் நூற்றெண்பது

சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கிய சித்தாள் அஞ்சலாட்சியின் அடிவயிற்றில், நர்ஸ் ஜெசிந்தா ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தினாள். சிறுநீர் கழித்த பிறகும் சிறுநீர்ப்பையில் நூற்றெண்பது மில்லி மிச்சம். நூற்றைம்பதைத் தாண்டினால் அதை வடிக்க மறுபடியும் டியூப்தான்.

“டியூப எடுத்துட்டு வரேன்க்கா.”

“எதுக்கு? கட்டட வேலையில ஒதுங்க ஒரு மறைவில்லாம, பொழுது சாயற வரைக்கும் முப்பது வருசம் அடக்கி வச்ச வயிறுடி இது. டியூப கழட்டின நாலு நாள்ல வழிக்கு வந்துடுமா? இன்னொரு தடவ போறேன்.”

சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு கழிப்பறைக்குள் போனாள்.

“கதவத் தொறந்து வைங்கக்கா, விழுந்துடப் போறீங்க!”

“கதவு இல்லாமதான்டி இத்தன வருசம் அடக்கினேன். நீ மிஷினப் புடிச்சிக்கிட்டு அங்கயே நில்லு.”

உள்ளே சடக்கென்று தாழ்ப்பாள் விழுந்தது.