ஓணானுக்குத் துணை

வாசல் மணி அடித்தது.

"மேல்வீட்டுக் கிரேன்காரராத்தான் இருக்கும். கதவைத் திற" என்றாள் அம்மா, தலையை அவசரமாக வாரி முடிந்துகொண்டே.

அந்த அவசரம்தான் மகளுக்குப் பிடிக்கவில்லை.

அப்பா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. லீவு போட்டு அம்மாவைப் பார்க்க வந்தவளை, எதிர்வீட்டுக்காரி படியிலேயே மடக்கிவிட்டாள். "தப்பா எடுத்துக்காதே. சாயங்காலம் ஆனா டாண்ணு இறங்கி வந்துடறார். நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க இல்லையா? உனக்குத் தெரியணுமேன்னு சொன்னேன்."

மகள் கதவைத் திறந்தாள். கிரேன்காரர் கையில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு தாடி ஓணான், கழுத்தில் தாடி போல முள் சிலிர்க்கும் வெளிநாட்டு இனம். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அந்த ஓணான்தான் குடும்பம்.

பெட்டியைக் கொண்டுபோய், அப்பா ஆசை ஆசையாக வளர்த்த அரணையின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் சிநேகமாயிடுச்சும்மா" என்றார் மகளிடம். "அரணையைப் பார்க்கலைன்னா இவன் சாப்பாட்டைத் தொட மாட்டேங்கிறான்."

ஓணான் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. அரணை தூங்கிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் இரண்டு பேரும்தான் டீ ஆறியது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மதியம் மகள், அரணைக்குத் தோல் சரியாக உரியவில்லை என்று ஒரு சாக்குச் சொல்லி, அதைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனாள்.

"தோலெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "வேற ஏதாவது?"

"மேல்வீட்டுல ஒரு ஓணான் இருக்கு டாக்டர். இதைப் பார்க்காம அது சாப்பிடறதில்லையாம்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இது வேற இனம், அது வேற இனம். ஒரே பெட்டியில விட்டா கடிச்சுக்கும். தனித்தனிப் பெட்டின்னா ஆபத்தில்லை. ஆனா சிநேகம், ஏக்கம் எல்லாம் நாமளா நினைச்சுக்கறது. அதுக்கு வேண்டியது இதமான சூடும் நேரத்துக்குச் சாப்பாடும்தான்."

மகளுக்கு இது போதும்.

வீடு திரும்பும்போது மாடிப்படியிலேயே கிரேன்காரர் எதிர்ப்பட்டார்.

"அங்கிள், ஒரு நிமிஷம். உங்க ஓணானுக்குத் துணையெல்லாம் தேவையில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இனிமே நீங்க அதுக்காகச் சிரமப்பட்டு இறங்கி வர வேண்டாம்."

அவர் முகம் மாறவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"தெரியும்மா. அவன் தனியாவே நல்லாத் தின்பான்."

"அப்புறம் எதுக்கு?"

"உங்கப்பா போனப்புறம், நீ ஊருக்குக் கிளம்பினதும், உங்கம்மா யாருக்கும் கதவு திறக்கலை. விசாரிக்க வந்தவங்க எல்லாரும் மணி அடிச்சுப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. விளக்குகூடப் போட மாட்டாங்க. எனக்கும் ஆறுதல் சொல்ற வித்தையெல்லாம் வராது. என் ஓணான் சாப்பிட மாட்டேங்குது, உங்க அரணையைக் கொஞ்சம் காட்டட்டுமான்னு கேட்டேன். திறந்தாங்க."

மகள் கையிலிருந்த பெட்டியைப் படியில் இறக்கி வைத்தாள்.

"நான் வர்றதுக்குள்ள முகம் கழுவி, அடுப்பை மூட்டி, ஏதோ ரெண்டு வாய் சாப்பிடறாங்க. அது நின்னுடக் கூடாதேன்னுதான். வேண்டாம்னா வரலைம்மா. ஆனா ஓணான் விஷயம் பொய்னு மட்டும் அவங்ககிட்டச் சொல்லிடாதே. சங்கடப்படுவாங்க."

அவர் இறங்கிப் போய்விட்டார். அவள் அரணைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு படியேறினாள். தினமும் போன் பண்ணும்போதெல்லாம் "சாப்பிட்டேன்டி" என்று அம்மா சொன்னதை அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

உள்ளே அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"தோலுக்காகவா போனே? ஓணான் கதையை விசாரிக்கத்தானே போனே?"

மகள் பெட்டியை அதன் இடத்தில் வைத்தாள்.

"எனக்கென்ன தெரியாதா? போன மாசம் அவர் ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி தங்க வேண்டி வந்தது. ஓணானை இங்க விட்டுட்டுப் போனார். அரணை வேற ரூம்ல இருந்தது. அது பாட்டுக்குக் கீரையை வெட்டு வெட்டுன்னு வெட்டுச்சு. ஏக்கமாவது ஒண்ணாவது."

"அப்போ ஏன்ம்மா அவர்கிட்டக் கேட்கலை?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"எப்படிடி கேட்கறது? வேலை பார்த்த காலமெல்லாம் அவ்வளவு உயரத்துல தனியா உட்கார்ந்திருந்த மனுஷன். இப்பவும் மாடியில தனியாத்தான் கிடக்கார். பேச ஆளில்லைன்னு வாய்விட்டுச் சொல்லுவாரா? ஓணான் பேரைச் சொன்னாத்தான் அவருக்குக் கௌரவமா இருக்கு. நானும் நம்பற மாதிரி இருந்துட்டுப் போறேன். என்னால ஆனது, ஒரு வாய் டீ. நீ போய் எதையாவது உளறி வெச்சுடாதே. பாவம், அதோட வராம நின்னுடுவார்."

மகள் திரும்பிக்கொண்டு, அரணையின் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பினாள். அது ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது.

சாயங்காலம் மணி அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மகளே மாடியேறிப் போய் அவரை அழைத்து வந்தாள்.

ஓணான் பெட்டியோடு அவர் வாசலிலேயே தயங்கி நின்றார். சமையலறை நிலைப்படியில் அம்மா. இரண்டு பேர் கண்ணும் மகள் மேல்தான் இருந்தது. சொல்லிவிடாதே என்று இரண்டு பேருமே கெஞ்சினார்கள்.

"உள்ள வாங்க அங்கிள். டாக்டரைப் பார்த்துட்டு வந்தேன்" என்றாள் மகள், எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி. "ரெண்டும் உயிருக்குயிரா பழகிடுச்சாம். ஒருநாள் பார்க்கலைன்னாலும் ஏங்கிப் போயிடுமாம்."