ஓட்டுநர் இருக்கையின் எடை

பட்டறைத் தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயிலில் அப்பாவின் பழைய கார் நிற்கிறது. முன்சக்கரங்களுக்குப் புது ஸ்பிரிங் மாட்டியாயிற்று. "போல்ட்டுக்குக் கடைசி முறுக்கு, ஆள் எடை ஏறினப்புறம்தான் போடணும். ஓட்டுறவங்க எத்தனை கிலோ?" என்கிறார் மெக்கானிக். அப்பா இறந்துவிட்டதால் இனி ஓட்டப்போகிறவள் மகள், ஐம்பத்திரண்டு கிலோ. அவள் வாய் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிடுகிறாள்: "எழுபத்தெட்டு. அதுல பாதி தொப்பை." அப்பாவின் கடைசி மாதத்தில் மருத்துவமனைத் தராசு காட்டிய நாற்பத்தொன்று மகளுக்கு நினைவு வருகிறது. அவள் திருத்தவில்லை. ஓட்டுநர் இருக்கையில் எழுபத்தெட்டு கிலோவுக்கு மணல் மூட்டைகள் ஏறுகின்றன. காரின் முகம் மெல்லத் தாழ்கிறது. அம்மா பக்கத்து இருக்கையில் அமர்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொள்கிறாள். ஸ்பேனர் சத்தம் ஓய்கிறது. "முடிஞ்சுதுக்கா, இறங்கலாம்." "இருப்பா," என்கிறாள் அம்மா, "இப்பதானே உக்காந்தோம்."